மாவடு ஜாடியில் தண்ணீர் ஊற்றியது யார்?

"உப்பு தண்ணிய இழுக்கும்." அடுப்படியில் நின்று பிள்ளைகள் கேட்கிற பாதிக் கேள்விக்கு நம் வீடுகளில் இந்த ஒரு வரிதான் பதில். மாவடு ஜாடிக்குள் தண்ணீர் எப்படி வந்தது, வெள்ளரிக்காயில் உப்பைத் தூவினால் ஏன் நசநசவென்று ஆகிறது, மாஞ்சோலைப் பக்கம் போனால் காலில் ஏறுகிற அட்டை உப்பு பட்டதும் ஏன் சுருண்டு விழுகிறது, எல்லாவற்றுக்கும் இதே வரி. பார்வைக்கு அது சரிதான். ஆனால் நான் மேல்நிலை வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறவள். சவ்வூடுபரவல், அதாவது தண்ணீர் ஒரு சவ்வைத் தாண்டி நகர்வது, என்று ஆரம்பித்தாலே பிள்ளைகள் இந்த வரியைத்தான் ஒப்பிக்கிறார்கள், அதற்கு மேல் ஓர் அடி நகர்வதில்லை. இழுக்கிறது என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேட்க என்ன இருக்கிறது?

என் தம்பி மகளிடம் இந்தப் பதில் செல்லவில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள், சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊரில் ஆச்சியோடுதான் அவள் பொழுதெல்லாம். ஆச்சி மாவடு போட்டிருந்தாள். வடுவைக் கழுவித் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கல் உப்பு, மஞ்சள், கடுகுப்பொடி, வத்தல்பொடி எல்லாம் போட்டுப் பீங்கான் ஜாடியில் குலுக்கி வைப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது, பட்டால் பூத்துவிடும். அவ்வளவு காபந்து பண்ணி வைத்த ஜாடியை அப்புறம் திறந்து பார்த்தால் அடியில் விரல் மூழ்குகிற அளவுக்குத் தண்ணீர்.

"ஆச்சி, நீ தண்ணி ஊத்துனியா?"

"நான் எங்கட்டி ஊத்துனேன், உப்பு இழுத்துட்டு வந்துருக்கு."

"உப்புக்குக் கையா இருக்கு?"

ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, "ஒங்க அத்தைட்டப் போயிக் கேளு" என்று என் பக்கம் தள்ளிவிட்டாள்.

இதில் அவள் கேட்டது நியாயமான கேள்வி. உப்புக்குக் கை இல்லை. அது யாரையும் இழுக்கவில்லை. தண்ணீர் எப்போதுமே அலைந்துகொண்டிருக்கிறது, மாங்காய்க்கு உள்ளேயும் வெளியேயும். உப்பு சும்மா குறுக்கே நிற்கிறது, அதன் வேலை அவ்வளவுதான். இதைச் சின்னப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த ஆட்டுப்பட்டியையே எடுத்துக்கொண்டேன். அதில் ஆடுதான் உப்பு, கோழிக்குஞ்சு தண்ணீர், தட்டி மாங்காய்ச் செல்லின் சவ்வு.

ஒரு பட்டி. நடுவில் ஒரு தட்டி கட்டியிருக்கிறது. தட்டியில் அங்கங்கே சின்ன ஓட்டை, கோழிக்குஞ்சு நுழையலாம், ஆடு நுழைய முடியாது. இரண்டு பக்கமும் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு நோக்கமும் இல்லாமல், குஞ்சுகள் ஓடுகிற மாதிரியே. இப்போது ஒரு பக்கம் மட்டும் நாலு ஆட்டை விட்டாயிற்று. அந்தப் பக்கத்துக் குஞ்சு ஓட்டையைத் தேடி வரும்போது ஆடு குறுக்கே நிற்கிறது, முட்டிக்கொண்டு திரும்புகிறது. இந்தப் பக்கத்துக் குஞ்சுக்கு அப்படி ஒரு தடையும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் எந்தப் பக்கம் குஞ்சு கூடியிருக்கும்?

"ஆட்டுப் பக்கம்" என்றாள். உடனே, "ஆனா அங்கேருந்து குஞ்சு திரும்பி வராதா அத்தே?"

இந்தக் கேள்விக்காகவே அவளைத் தூக்கிச் சுற்றலாம் போல இருந்தது. வரும். வந்துகொண்டேதான் இருக்கும். போவதும் வருவதும் நிற்காது, போவது கூடுதல், வருவது குறைச்சல், அந்த வித்தியாசத்தைத்தான் நாம் ஜாடியின் அடியில் தண்ணீராகப் பார்க்கிறோம். ஆட்டுப் பக்கம் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓட்டை வழியே பிதுங்க ஆரம்பித்தால் போவதும் வருவதும் சமமாகிவிடும். அந்த நெருக்கடிதான் பாடப்புத்தகத்தில் அழுத்தம் என்று வருவது. இயற்பியல் படித்தவர்கள் இந்த ஆட்டுப்பட்டிக் கதையைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள், கரைபொருள் சவ்வில் மோதித் திரும்பும் உந்தம், என்ட்ரோபி என்றெல்லாம் சொல்வார்கள், அவர்கள் சொல்வதும் உண்மை. ஏழு வயசுக்கு ஆடு போதும்.

தட்டியில் ஓட்டை என்றது கதைக்காகச் சொன்னதும் இல்லை. செல்லின் சவ்வில் தண்ணீருக்கென்றே தனி வாசல்கள் இருக்கின்றன, அக்வாபோரின் என்று பெயர், கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேக்கு 2003-இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். ஒரு வாசல் வழியே, ஒற்றை வரிசையில், நொடிக்குச் சுமார் 300 கோடி நீர் மூலக்கூறுகள் போகின்றன. அவளிடம் 300 கோடி என்று சொன்னேன், "கோடின்னா ஆயிரத்த விடப் பெருசா?" என்று கேட்டாள். அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்தபடி அவள் கேட்டதுதான் என்னைக் கொஞ்சம் நிறுத்தி வைத்தது. ஆடு தட்டியைத் தாண்டாது என்றால் உப்பும் மாங்காய்க்குள் போகக்கூடாதே, பிறகு மாவடு ஏன் கரிக்கிறது? பதினொன்றாம் வகுப்பில் இதைக் கேட்டவர்கள் யாரும் எனக்கு நினைவில் இல்லை. பதில் என்னவென்றால், தட்டி உயிரோடு இருக்கும் வரைதான் அது தட்டி. தண்ணீர் வெளியே போகப் போகச் செல்கள் வாடிச் செத்துவிடுகின்றன, செத்த செல்லின் சவ்வு யாரையும் தடுக்காது, அப்புறம் உப்பு, காரம், மஞ்சள் எல்லாம் தாராளமாக உள்ளே போகும். முதலில் தண்ணீர் வெளியே, பிறகு உப்பு உள்ளே. அதனால்தான் மாவடு ஊற நாள் பிடிக்கிறது.

சரி, சொன்னதைக் கண்ணில் காட்ட வேண்டுமே. மாங்காயின் சவ்வு கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முட்டைதான் தோது. ஒரு முட்டையை டம்ளரில் வைத்து மூழ்குகிற அளவுக்கு வினிகர் ஊற்றினால் ஓடு முழுவதும் குமிழ் குமிழாகப் பூக்கும். ஓட்டில் இருப்பது கால்சியம் கார்பனேட், அமிலம் அதைக் கரைக்கும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. ஒரு நாள், ஒன்றரை நாள் போனதும் வினிகரை மாற்றி, மேலே படிந்திருக்கும் வெள்ளை மாவைக் குழாய்த் தண்ணீரில் விரலால் மெல்லத் தேய்த்தால் ஓடு போய், தோல் மட்டும் வைத்த முட்டை கையில் இருக்கும். பல்புக்கு நேரே பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக நகர்வது தெரியும். அதைத் தண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க வைத்தால் விம்மிப் புடைத்துப் பெரிசாகிவிடும். எடுத்துக் கெட்டிப் பாகில் போட்டால் வற்றித் தொளதொளத்துவிடும்.

பாகுக்குச் சீனி போதும். ஆனால் வீட்டில் அந்த நேரத்தில் சீனி இல்லை, உடன்குடிக் கருப்பட்டி இருந்தது, அதைத் தட்டிப் பாகு காய்ச்சினேன். கருப்பட்டி விற்கிற விலைக்கு அதில் முட்டையை முக்குகிறாளே என்று ஆச்சி முணுமுணுத்ததை இங்கே எழுதவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், கறுத்த பாகின் மேல், முட்டையைச் சுற்றி, ஓர் அடுக்கு மட்டும் நிறம் வெளுத்து நீர்த்துப்போய் நிற்கிறது. முட்டைக்குள்ளிருந்து வந்த தண்ணீர் அது, கலக்காததால் மேலேயே தங்கிவிட்டது. முட்டையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது, விரலால் குத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. "முட்டைக்கு வயசாயிட்டு" என்றாள். மறுபடி வெறும் தண்ணீரில் போட்டோம், மறுபடி புடைத்தது. இதில்தான் அவளுக்குக் குஷி. திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி, கடைசியில் தரையில் விழுந்து உடைந்தது.

1748-இல் பாரிஸில் ழான் அன்ட்வான் நோலே என்ற பாதிரியார் பன்றியின் மூத்திரப்பையை வைத்துக் கிட்டத்தட்ட இதையேதான் பார்த்தார். சாராயம் நிரம்பிய பாத்திரத்தின் வாயைப் பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் அமிழ்த்தினார், பை வெளிப்புறமாகப் புடைத்துக்கொண்டு வந்தது. எங்களுக்கு முட்டை அகப்பட்டது.

கருப்பட்டிக்குப் பதில் உப்பைக் கரைத்தால் அதே எடை போட வேண்டுமா? இங்கேதான் விஷயத்தின் நடு நரம்பு இருக்கிறது, பெரியவர்களும் கோட்டை விடுகிற இடம். தண்ணீருக்கு எடை தெரியாது. உப்பா சீனியா என்பதும் தெரியாது. பட்டியில் எத்தனை தலை, அவ்வளவுதான் கணக்கு. குட்டியானாலும் கிடாயானாலும் ஒரு தலை ஒரு தலைதான். ஒரு லிட்டரில் எத்தனை தலை என்று எண்ணிச் சொல்வதுதான் ஆஸ்மோலாரிட்டி. உப்பு தண்ணீரில் விழுந்ததும் சோடியம் தனியாக, குளோரைடு தனியாகப் பிரிந்து இரண்டு தலையாகிவிடுகிறது. சீனி எத்தனை கலக்கினாலும் மூலக்கூறு உடையாது, ஒரே தலை, அதுவும் கனத்த தலை. அதனால் 9 கிராம் உப்பு செய்கிற வேலையைச் செய்யச் சுமார் 100 கிராம் சீனி வேண்டும். கரைசலில் எண்ணிக்கைதான் பேசுகிறது என்று 1880-களில் கணக்குப் போட்டுக் காட்டியவர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல், 1901-இல், அவருக்குத்தான் போனது.

9 கிராம் என்று சும்மா சொல்லவில்லை. தாத்தா ஆஸ்பத்திரியில் இருந்தபோது மாட்டியிருந்த பாட்டிலில் 0.9 என்று போட்டிருந்தது, லிட்டருக்கு 9 கிராம் உப்பு. ஊரில் எல்லாப் பாட்டிலும் 'குளுக்கோஸ்'தான். உள்ளே உப்புத் தண்ணீர் இருந்தாலும் "ரெண்டு குளுக்கோஸ் ஏத்துனாங்க" என்றுதான் பேச்சு. நம் இரத்தத்தின் தலைக்கணக்கு 275-இலிருந்து 295 மில்லி ஆஸ்மோல் (தலையை எண்ணுகிற அலகு) வரை. அந்தப் பாட்டிலில் 308, நம் இரத்தத்துக்கு ஏறக்குறையச் சமம். நிஜமான குளுக்கோஸ் பாட்டிலில் லிட்டருக்கு 50 கிராம், 278. அதுவும் சமம். எடையில் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம், தலைக்கணக்கில் அதிகம் இல்லை. "வெறும் தண்ணிய ஏத்துனா என்ன?" என்றாள். இரத்தத்தில் இருக்கும் சிவப்பு அணுக்களுக்குள் தண்ணீர் பாய்ந்து புடைத்து வெடித்துவிடும் என்றேன். முட்டையைப் பார்த்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிள்ளைக்கு வேண்டாத, பெற்றவர்களுக்கு அவசியம் வேண்டிய ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் பெரும்பாலும் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. அதே தலைக்கணக்கில் சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டிப் பார்த்தால் 245. முன்பு 311 இருந்ததை, உலக சுகாதார நிறுவனம் 2002-ஐ ஒட்டி யோசித்துக் குறைத்தது, இரத்தத்தை விடக் கொஞ்சம் நீர்த்து இருந்தால் குடலிலிருந்து தண்ணீர் உடம்புக்குள் ஏறுவது சுலபம் என்பதால். குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக நுழைகிற ஒரு வாசல் இருக்கிறது, அவை உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும், பொட்டலத்தில் இரண்டும் இருப்பதன் காரணம் அதுதான். 1971-இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்துப் பொன்காவ் அகதி முகாமில் காலரா பரவி, ஏற்றுவதற்குப் பாட்டில் இல்லாமல் ஆனபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த உப்பு, குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 3.6 ஆக இறங்கியது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்த கணக்கை நாம் என்ன செய்கிறோம்? ஒரு லிட்டருக்கான முழுப் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கொட்டி, 'கெட்டியாக் குடிச்சா சீக்கிரம் கேக்கும்' என்று பிள்ளை வாயில் ஊற்றுகிறோம். 200 மில்லியில் கலக்கினால் 245 என்பது 1225 ஆகிவிடும், கடல் தண்ணீரே ஏறக்குறைய 1000-தான். குடலுக்குள் ஒரு மந்தையை இறக்கிவிட்ட மாதிரி. உள்ளே போக வேண்டிய தண்ணீர் உடம்பிலிருந்து குடலுக்கு வரும், போக்கு கூடும், பிள்ளை இன்னும் துவளும். வயிறு சரியில்லாத பிள்ளைக்குக் கடையில் கலர் வாங்கிக் கொடுப்பதும் இதே வகைதான், அதில் இருக்கிற சீனிக்கு. எனக்கு இதில் கோபம் உண்டு, பொட்டலத்தின் மேலேயே ஒரு லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது.

மீனுக்கு வருவோம், அவளுக்கும் எனக்கும் பிடித்தது அதுதான். கடல் மீன் பிறந்ததிலிருந்து உப்புத் தண்ணீரில் கிடக்கிறதே, குழம்புக்கு ஏன் தனியாக உப்புப் போடுகிறோம்? சாளையோ சீலாவோ, அதன் இரத்தத்தின் தலைக்கணக்கு கடலில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. அப்படியென்றால் அது தண்ணீருக்குள்ளேயே இருந்துகொண்டு மாவடு மாதிரி தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. அதனால் கடலையே குடிக்கிறது, குடித்த உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளுகிறது, ராப்பகலாக. தாமிரபரணியில் கிடக்கும் கெண்டைக்கும் விராலுக்கும் நேர் எதிர்த் தொல்லை. தண்ணீர் கேட்காமலே உடம்புக்குள் ஏறுகிறது, அதனால் அவை குடிப்பதே இல்லை என்று சொல்லலாம், நீர்த்த மூத்திரமாகப் பெய்துகொண்டே இருக்கின்றன. ஆற்று மீனுக்குத் தாகம் இல்லை, கடல் மீனுக்குத்தான் தாகம். "அப்போ ஆத்துல குளிக்கும்போது தண்ணி வாய்க்குள்ள போச்சுன்னா அது மீன் ஒண்ணுக்கா?" என்று அவள் கேட்டதற்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.

புன்னைக்காயலில் ஆறு கடலோடு சேர்கிற இடத்தில் இரண்டிலும் மாறி மாறிப் போய்வருகிற மடவை இருக்கிறது. கடலுக்குப் போனால் உப்பை வெளியே தள்ளும் செவுள், ஆற்றுப்பக்கம் வந்தால் உப்பைப் பிடித்து வைக்கும் செவுளாக வேலையை மாற்றிக்கொள்கிறது.

சுறா செய்வது இன்னொரு தினுசு. உப்பைத் தள்ளி மாளாது என்று, யூரியாவை இரத்தத்திலேயே தேக்கி வைத்துத் தன் தலைக்கணக்கைக் கடலுக்குச் சமமாக ஏற்றி வைத்திருக்கிறது. தாத்தா வாழைக்கு வைக்கிற அதே யூரியாதான். சுறா செத்ததும் அது உடைந்து அம்மோனியா ஆகிறது. சுறாப் புட்டுக்கு மீனை வேகவைக்கும்போது மூக்கில் ஏறுகிற நெடி அதுதான், பால்சுறா வாங்கும்போது ஆச்சி மோந்து பார்த்து வாங்குவதும் அதற்குத்தான். அதே யூரியாவை வாழை மூட்டில் அளவு தெரியாமல் கொட்டினால் மண்ணின் தலைக்கணக்கு வேரை விடக் கூடிவிடும், தண்ணீர் பாய்ச்சியிருந்தும் இலை ஓரம் கருகும். தாத்தாவிடம் சொன்னால், "உரச்சூடு, அதான் எனக்குத் தெரியுமே" என்பார்.

கடைசியாகக் குறுக்குத்துறையில் நடந்தது. படித்துறையில் வெகுநேரம் ஊறிவிட்டு மேலே வந்தவள் கையை நீட்டினாள், பத்து விரலும் சுருங்கியிருக்கிறது. கூட வந்திருந்த என் தம்பி, "பாத்தியா, மாவடு மாதிரி, தண்ணி வெளிய போயிட்டு" என்றான். நிறையப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அவள் ஈரத்தலையோடு நின்று யோசித்தாள்.

"ஆத்துல உப்பே இல்லயேப்பா. ஆடு என் கைக்குள்ளதான இருக்கு. அப்போ தண்ணி உள்ளதான வரணும்? விரல் உப்பணும்லா?"

அவள் சொன்னது சரி. விரல் சுருங்குவதற்குக் காரணம் இந்த விதி இல்லை. வெகுநேரம் ஈரத்தில் இருக்கும்போது நரம்பு கட்டளை கொடுத்து விரல் நுனியின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, உள்ளே சதை கொஞ்சம் வற்றுகிறது, மேல்தோல் மடிப்பு விழுகிறது. நரம்பு அறுந்த விரலைத் தண்ணீரில் எத்தனை நேரம் வைத்தாலும் சுருங்குவதில்லை என்பதை 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள், கையில் நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்க அதை ஒரு சோதனையாகவே வைத்துக்கொண்டார்கள். இதையெல்லாம் படித்துறையிலேயே தம்பியிடம் சொன்னேன். அவன் நம்பவில்லை. வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரிலும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீரிலும் ஆளுக்கொரு விரலை விட்டுப் பார்ப்பது என்று அப்பாவும் மகளும் பந்தயம் கட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தார்கள்.